எரிந்த கசினோவைத் தேடி

சுவிட்சர்லாந்தில் லோசானிலிருந்து மோந்த்ரோவுக்கு ரயிலில் போகிறவர்கள் வலப்பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கம் லாவோ திராட்சைத் தோட்டங்கள், கல்சுவர் வைத்துப் படிப்படியாக மலையில் ஏறிப் போகின்றன. 2007-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வலப்பக்கம் இருப்பது லெமான் ஏரி. ஜெனீவா ஏரி என்று நாம் சொல்வதை இந்தப் பக்கத்துக்காரர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அக்கரையில் பிரான்சு நாட்டு மலைகள். அரைமணி நேரம்கூட ஆகாத பயணத்தில் தண்டவாளம் பல இடங்களில் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது.

மோந்த்ரோவில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஷியோன் கோட்டைக்குப் போவார்கள், மீதிப் பேர் க்வீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் சிலைக்குப் போவார்கள். நான் பார்க்க வந்ததோ இப்போது இல்லாத ஒரு கட்டடம். 1971 டிசம்பர் 4-ம் தேதி எரிந்துபோன மோந்த்ரோ கசினோ. அந்தத் தீயைப் பற்றி டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு பாடிய 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற பாட்டைக் கேட்டிராதவர்கள் இருக்கலாம். அதன் கிட்டார் தொடக்கத்தை எங்கேயும் கேட்டிராதவர்கள் குறைவு.

கூட வந்தவர் லோசானில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர். அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். விடுமுறை நாளை எனக்காகக் கொடுத்தார். ராக் இசையில் அவருக்கு ஆர்வம் கிடையாது. "எல்லாரும் உந்தச் சிலையைப் பாக்கத்தான் வருவினம், அண்ணை. நீங்கள் எரிஞ்சுபோன கட்டடத்தைப் பாக்க வந்திருக்கிறியள்" என்றார்.

டிசம்பர் மாதம். ஏரிக்கரை முழுவதும் கிறிஸ்துமஸ் சந்தை. மரக்குடில்களில் உருக்கிய பாலாடைக்கட்டி, சூடான ஒயின். இருட்டியதும் வண்டியில் உட்கார்ந்த கிறிஸ்துமஸ் தாத்தா கம்பியில் தொங்கியபடி ஏரிக்கு மேலே பறக்கிறார். குழந்தைகள் கத்துகிறார்கள். இதையெல்லாம் தாண்டிக் கரையோரமாக நடந்தால் கசினோ வந்துவிடும்.

இப்போது நிற்பது 1975-ல் திறந்த புதிய கட்டடம். பார்க்க ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். எரிந்தது 1881-ல் கட்டியது. பணக்கார ஐரோப்பியர்கள் குளிர்காலத்தைக் கழிக்க இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்த காலத்தின் கட்டடம். சூதாட்டம் மட்டுமல்ல, கச்சேரியும் நடக்கும். 1967-ல் க்ளோட் நோப்ஸ் என்ற உள்ளூர்க்காரர் தொடங்கிய மோந்த்ரோ ஜாஸ் விழாவின் முதல் மேடையும் அதுதான். நோப்ஸ் சமையல் படித்துவிட்டு ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஊருக்கு ஆள் வரவழைப்பது அவர் வேலை. அதற்கு அவர் கண்ட வழி இசை.

1971-ன் கடைசியில் டீப் பர்ப்பிளுக்குத் தேவைப்பட்டது ஒரு காலி அரங்கு. மேடையில் வரும் சத்தம் ஸ்டூடியோவின் மூடிய அறைகளில் வருவதில்லை என்பது அவர்களுடைய குறை. எனவே ஒரு கச்சேரி அரங்கிலேயே உட்கார்ந்து அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்யத் திட்டமிட்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு லாரிக்குள் முழு ஒலிப்பதிவுக் கூடத்தையே அமைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மோந்த்ரோவுக்கு வந்தார்கள். குளிர்காலத்துக்காகக் கசினோ அரங்கை மூடப் போகிறார்கள். அதன்பின் அது முழுக்க இவர்களுடையது. நடுவில் ஒரே ஒரு கச்சேரிதான் பாக்கி. ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும்.

பிற்பகல் கச்சேரி. டீப் பர்ப்பிள்காரர்களும் பார்க்கப் போயிருந்தார்கள். 'கிங் காங்' என்ற நீண்ட உருப்படியின் நடுவில், டான் பிரெஸ்டன் சின்தசைஸரில் தனி வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் யாரோ சமிக்ஞைத் துப்பாக்கியை மேலே நோக்கிச் சுட்டுவிட்டார். கடலில் தத்தளிப்பவர்கள் ஒளிகாட்ட வைத்திருப்பார்களே, அந்த வகை. மேற்கூரையின் அடியில் பிரம்பு வேய்ந்திருந்தது. அப்புறம் என்ன, பற்றிக்கொண்டது. அந்தக் கச்சேரியை யாரோ ரசிகர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்திருந்தார். பின்னாளில் ஸாப்பாவே அந்தத் திருட்டுப் பதிவை அதிகாரப்பூர்வமாக வெளியிட்டார். அதில் அவர் பதறாமல் எல்லோரையும் அமைதியாக வெளியேறச் சொல்வது கேட்கிறது. எனக்கு அந்தக் குரல்தான் பாட்டைவிட வியப்பு.

நோப்ஸ் உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே இழுத்துவந்தார். பாட்டில் அவருக்கு ஒரு செல்லப்பெயரோடு தனி இடம் கிடைத்தது இதற்காகத்தான். யாரும் சாகவில்லை. கட்டடம் முழுக்கப் போயிற்று. ஸாப்பா குழுவின் கருவிகள் அத்தனையும் போயின.

நண்பர் புதிய கசினோவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது வெளியேறும் வழிகளை. சமையலறையில் வேலைக்குச் சேரும் அன்றே சொல்லிக் கொடுப்பார்களாம், அடுப்பு எங்கே என்று பார்க்குமுன் கதவு எங்கே என்று பார். எண்ணிவிட்டு, "இப்ப காணும்" என்று தலையாட்டினார். சூதாட்டக் கூடத்தைப் பார்த்தபடி இருக்கும் கைப்பிடிச் சுவரில் அந்தக் கிட்டார் தொடக்கத்தின் இசைக்குறிகளை அலங்காரமாக வைத்திருக்கிறார்கள். சூதாட வந்தவர்கள் யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்று மலையிலிருந்து இறங்கிய காற்று புகையை ஏரியின் மேல் பரத்தியதாகப் பாடகர் இயன் கில்லன் சொல்லியிருக்கிறார். தங்கியிருந்த இடத்திலிருந்து குழுவினர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரிரு நாள் கழித்து, பேஸ் வாசிக்கும் ராஜர் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போதே 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற தலைப்பை முணுமுணுத்துக்கொண்டு எழுந்தார். கில்லனிடம் சொன்னபோது, போதைப்பொருள் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று இருவருக்கும் தயக்கம். தலைப்பு அப்படியே கிடந்தது.

இதே ஊரில் அந்த டிசம்பரில் எழுத்தாளர் விளாதிமிர் நபக்கோவ் வாழ்ந்துகொண்டிருந்தார். 1961 முதல் சாகும்வரை மோந்த்ரோ பேலஸ் ஹோட்டல்தான் அவர் வீடு. கசினோவிலிருந்து நடந்து போகும் தூரம். பின்னணி இசை என்றாலே எரிச்சல்படும் மனிதர். அந்தப் பிற்பகலில் அவர் ஜன்னலைத் திறந்தாரா மூடினாரா என்று கற்பனை செய்து பார்த்தேன். மூடித்தான் இருப்பார்.

ஃப்ரெடி மெர்க்குரியின் சிலையையும் பார்த்தோம், பார்க்காமல் போக முடியாது. சந்தைத் திடலில், ஏரியைப் பார்த்து, ஒரு கையை உயர்த்தி நிற்கிறார். சுமார் 3 மீட்டர் வெண்கலம், 1996 நவம்பரில் திறந்தது. காலடியில் பூக்கள் குறையவே இல்லை. அங்கே நின்று யோசித்தால் இந்தச் சிலைக்கும் அந்தத் தீ ஒரு காரணம். கசினோ எரிந்ததால் புதிதாகக் கட்டினார்கள். புதிய கட்டடத்துக்குள் மவுண்டன் ஸ்டூடியோஸ் என்ற ஒலிப்பதிவுக்கூடம் வந்தது. 1978-ல் க்வீன் குழு அங்கே பதிவு செய்ய வந்து, 1979-ல் கூடத்தையே விலைக்கு வாங்கிவிட்டது. டேவிட் போவியோடு சேர்ந்து 'அண்டர் பிரஷர்' செய்தது அங்கேதான். மெர்க்குரி கடைசி மாதங்களில் வந்து பாடியதும் அங்கேதான். டீப் பர்ப்பிளுக்கும் கரையோரத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு, குழுவின் பெயர், பாட்டின் தலைப்பு, இசைக்குறிகளோடு. மெர்க்குரியோடு படம் எடுத்துக்கொண்டவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே நிற்பதில்லை. நிற்கிறவர்கள் எல்லோரும் இல்லாத கிட்டாரை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

தெரிதேவுக்கு 201-ம் எண் பேருந்து. பாட்டின் இரண்டாம் பாதி நடந்த இடம் அது. ஆனால் அங்கே போகுமுன் பெவிலியன் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

தீக்குப் பிறகு லாரி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், நாள் வாடகை ஓடிக்கொண்டிருந்தது, இடம் மட்டும் இல்லை. நோப்ஸ் ஊருக்குள் பெவிலியன் என்ற அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். டீப் பர்ப்பிளின் சத்தம் அந்தக் காலத்தில் உலகறிந்தது. ராத்திரியில் வாசிக்க ஆரம்பித்ததும் அக்கம்பக்கம் விழித்துக்கொண்டது. போலீஸ் வந்து கதவைத் தட்டியது. மேடை உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவைத் தள்ளிப் பிடித்துக்கொள்ள, குழு ஒரே ஒரு உருப்படியின் வாத்தியப் பகுதியை முடித்துவிட்டது. அப்புறம் போலீஸ் உள்ளே வந்து நிறுத்தியது. அந்த உருப்படிக்குச் சொற்கள் கிடையாது, பெயரும் கிடையாது. அடையாளத்துக்கு 'முதல் தலைப்பு' என்று மட்டும் ஒரு பெயர் போட்டு வைத்தார்கள்.

அதில் ரிச்சி பிளாக்மோர் வாசித்த கிட்டார் தொடக்கம்தான் பிறகு உலகம் சுற்றியது. நான்கே ஸ்வரங்கள். மொத்தம் பன்னிரண்டு மீட்டல்கள். ஆனால் ஒற்றை ஸ்வரமாக வாசித்தால் அது வராது. ஒவ்வொன்றையும் ச-வும் ம-வும் போன்ற இடைவெளியில் இரண்டு ஸ்வரங்களாகச் சேர்த்து, மீட்டும் தகட்டைப் பிடிக்காமல் விரல்களால் இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் சுண்ட வேண்டும். தகட்டால் வாசித்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், அந்தத் திண்மை போய்விடும். கிட்டார் கற்கத் தொடங்கும் பையன்கள் பெரும்பாலும் தகட்டால்தான் வாசிக்கிறார்கள். பிளாக்மோர் ஒரு பேட்டியில், இது பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் திருப்பிப் போட்டது, அவருக்கு நான் நிறையப் பணம் தரவேண்டும் என்கிற பாணியில் கிண்டல் செய்தார். கிட்டாருக்கு அடியில் இன்னொரு கிட்டார் மாதிரி உறுமுவது ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன். அதை மார்ஷல் ஒலிபெருக்கியில் இணைத்துக் கரகரப்பாக்கியிருந்தார். இந்தத் தொடக்கத்தின் பெருமையில் பாதி அவருக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

தெரிதேவில் இறங்கினால் அமைதி. சந்தைச் சத்தம் எட்டவில்லை. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் தங்கிப் போன ஊர், பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1883-லேயே மலைமேல் க்ளியோன் வரைக்கும் இழுவை ரயில் விட்ட இடம். அப்படிப்பட்ட காலத்தின் மிச்சம்தான் கிராண்ட் ஹோட்டல். இப்போது அது ஹோட்டல் இல்லை. நீண்ட முகப்பு, வரிசையாக பால்கனிகள். 1971 டிசம்பரில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்தது. விருந்தாளி இல்லை, சூடேற்றியும் இல்லை. டீப் பர்ப்பிள் அதை வாடகைக்கு எடுத்தது.

முன்கூடத்தை ஒட்டிய நடைகூடத்தில் டிரம்ஸை வைத்தார்கள். எதிரொலியை அடக்க அறைகளிலிருந்து மெத்தைகளை எடுத்துவந்து நிறுத்தினார்கள். குளிருக்குத் தொழிற்சாலைச் சூடேற்றிகளை வாடகைக்கு எடுத்தார்கள். லாரி வெளியே நின்றது. பதிவானதைக் கேட்க வேண்டுமானால் அறைகளுக்குள் புகுந்து, பால்கனி தாண்டி, படிகளில் இறங்கிப் பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். சில தடவை போய்ப் பார்த்துவிட்டு, போதும் என்று விட்டுவிட்டார்கள். நன்றாக வாசித்தோம் என்று தோன்றினால் அடுத்தது. அப்படி உருவான 'மெஷின் ஹெட்' ஆல்பத்தைக் கேட்கும்போது ஐந்து பேர் ஒரே மூச்சில் வாசிப்பதுபோல இருக்கிறதே, அதற்கு அவர்களுடைய கலைக்கொள்கை எவ்வளவு காரணமோ அந்த பால்கனிகளும் அவ்வளவு காரணம். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பெர்ச். மூன்று வாரத்துக்குள் வேலை முடிந்தது.

முடிந்தபோது இசைத்தட்டுக்குச் சில நிமிடங்கள் குறைந்தன. பெவிலியனில் கிடந்த பெயரில்லாத உருப்படி நினைவுக்கு வந்தது. கில்லனும் குளோவரும் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடியே எழுதினார்கள். இது குழுவினர் சொல்லும் கதை. நோப்ஸ் சொன்ன கதை கொஞ்சம் வேறு. உனக்காக ஒன்று செய்தோம், ஆல்பத்தில் சேர்க்கப் போவதில்லை என்று போட்டுக் காட்டினார்களாம். பைத்தியமா உங்களுக்கு, இது பெரிய வெற்றி பெறும் என்றாராம் இவர். பாட்டு பெரிதான பிறகு அதை முன்பே கண்டுகொண்டவர்கள் பெருகுவது இயல்பு. ஆனாலும் நோப்ஸ் சொல்வதை நம்பத்தான் எனக்கு ஆசை.

நம் ஊரில் ஒருகாலத்தில் வெள்ளம் வந்தாலும் ரயில் கவிழ்ந்தாலும் கொலை விழுந்தாலும் சிந்து கட்டி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையில் பாடி விற்பார்கள். எந்த ஊர், என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வரும். இந்தப் பாட்டு அந்த இனம். உவமை கிடையாது, தத்துவம் கிடையாது. ஊருக்கு வந்தோம், எதற்காக வந்தோம், யார் கச்சேரி, எப்படித் தீப்பிடித்தது, யார் காப்பாற்றியது, பிறகு எங்கே போனோம், அங்கே எப்படிச் சமாளித்தோம். கொலைச்சிந்திலிருந்து ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது. ஓலம் இல்லை. இவர்களுடைய கவலையெல்லாம் நேரம் போகிறதே, பதிவு செய்ய இடம் கிடைக்கவில்லையே என்பதுதான். பட்டறை எரிந்துபோன தொழிலாளிகளின் பாட்டு இது. நண்பருக்கு வரிகளின் பொருளை ஹோட்டலின் முன் நின்று சொன்னபோது, அதுவரை கேலியாகவே கேட்டுக்கொண்டிருந்தவர் நின்றார். "வேலை செய்யிற இடம் போச்செண்டா முதல் வாற யோசினை அதுதானே" என்றார். ராக் ரசிகர்கள் எழுதிய எத்தனையோ பக்கங்களில் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தது. பிரிட்டனில் முதலிடம். தனித்தட்டாக அவர்கள் முதலில் வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறொரு பாட்டை. இன்று அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ஆகஸ்டில் ஜப்பான் கச்சேரிகளில் இந்தப் பாட்டு வாசித்த விதம் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தில் வந்தது, அமெரிக்க வானொலிகள் பிடித்துக்கொண்டன. 1973-ல் அங்கே தனித்தட்டு வந்து, கோடையில் பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம் வரை ஏறியது. அதே கோடையில் கில்லனும் குளோவரும் குழுவைவிட்டு விலகிப் போயிருந்தார்கள். வரிகளை எழுதிய இருவரும் இல்லாமலேயே பாட்டு உச்சிக்குப் போயிற்று. அந்த ஐந்து பேரும் திரும்பச் சேர்ந்தது 1984-ல்.

அதன்பின் இந்தப் பாட்டு போன இடங்கள் பல. 2007-ல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 1,600 பேருக்கு மேல் ஒரே இடத்தில் கூடி ஒன்றாக இதை வாசித்தார்கள். சாதனைப் புத்தகத்துக்காக. அதை விடுங்கள். முக்கியமானது ஆர்மீனியா. 1988 டிசம்பர் 7-ல் அங்கே நிலநடுக்கம், சுமார் 25,000 பேர் மாண்டார்கள். நிதி திரட்ட 1989-ல் ராக் கலைஞர்கள் சேர்ந்து பதிவு செய்யத் தேர்ந்தெடுத்த பாட்டு இது. கில்லன், பிளாக்மோர், பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர், பிளாக் சபாத்தின் டோனி அயோமி, அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன், க்வீனின் பிரையன் மே. இந்தப் பிரையன் மேயின் குழுவுக்குத்தான் அந்தப் புதிய கசினோவுக்குள் ஸ்டூடியோ சொந்தமாக இருந்தது. ஒருவர்கூட சாகாத தீயைப் பற்றிய பாட்டு அவ்வளவு பெரிய சாவுக்காகப் பாடப்பட்டதில் பொருத்தம் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்த பாட்டு என்பதே காரணமாக இருக்கலாம்.

தெரிதேவிலிருந்து ஏரிக்கரையோரமாக ஷியோன் கோட்டை வரை நடக்கலாம். நடந்தோம். நோப்ஸ் பிறந்ததும் இந்தத் தெரிதேவில்தான். 2012 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பனிச்சறுக்கில் விழுந்து, நினைவு திரும்பாமலே 2013 ஜனவரியில் இறந்துபோனார். அவர் ஆண்டுதோறும் விடாமல் பதிவு செய்து வைத்த விழாக் கச்சேரிகளை அதே 2013-ல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது.

வழியில் நண்பர் கேட்டார், அந்தக் கருவிகள் எரிந்துபோனவர் என்ன ஆனார் என்று. ஸாப்பாவின் கதைதான் இதில் கொடுமை. தீ நடந்து ஆறே நாளில், டிசம்பர் 10-ம் தேதி, லண்டனில் ரெயின்போ அரங்கில் வாடகைக்கு எடுத்த கருவிகளோடு கச்சேரி. பார்வையாளர் ஒருவர் மேடையேறி அவரைக் கீழே இருந்த வாத்தியக் குழிக்குள் தள்ளிவிட்டார். கால் முறிந்தது, குரல்வளை நசுங்கியது. பல மாதம் சக்கர நாற்காலி. பிறகு பேசியபோது குரல் தாழ்ந்து போயிருந்தது. அந்தத் திருட்டுப் பதிவில் கேட்கும் நிதானமான குரல் அவருக்கு அதன்பின் இல்லை. 1993-ல் புற்றுநோயில் இறந்தார்.

அவருடைய மகன் ட்வீஸில் ஸாப்பாவுக்குத் தீ நடந்தபோது இரண்டு வயது. அவரும் கிட்டார்க்காரர் ஆனார். 2024-ல் 'மெஷின் ஹெட்' ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பு வந்தபோது, பழைய நாடாக்களிலிருந்து எல்லாப் பாட்டுகளையும் புதிதாக ஒலிக்கலவை செய்யும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்தார்கள். தன் அப்பா பெயர் வருகிற இந்தப் பாட்டையும் சேர்த்து.

நண்பர் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தபடி நடந்தார்.

"தகப்பன்ர சாமானெல்லாம் எரிஞ்சதுக்கு அம்பது வருசம் கழிச்சு மகனுக்கு வேலை குடுத்திருக்கினம்" என்றார். "இன்சூரன்ஸ்காரர்கூட இதைவிடச் சுறுக்காக் குடுத்திடுவாங்கள், அண்ணை."